பாலிக் புலாவ் மலைவளைவில் என் அண்ணன் குடித்திருக்கவில்லை

பாசமுள்ள என் அந்தோணி அண்ணனுக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போதெல்லாம் உன்னோடு அமைதியாகத்தான் பேசுவேன். இன்றைக்கு முடியவில்லை. வயிறு எரிகிறது அண்ணே. உன்னிடம் கத்தாமல் வேறு யாரிடம் போய்க் கத்துவேன்?

நீ கார் ஓட்டிய கம்பெனி, கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரர்களை இன்னமும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாலிக் புலாவுக்குக் கூட்டிப் போகிறது. ஜாதிக்காய்த் தோட்டம், கடைத்தெரு முச்சந்தி நீரூற்று, மீனவர் குப்பம், டுரியான் காலமென்றால் மரத்தடியிலேயே பழம். எல்லாம் நீ காட்டியவைதான். இப்போது புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். நீ செத்த இடம்.

ஆமாம். மலைப்பாதையின் பெரிய வளைவில் காரை நிறுத்த வேண்டுமாம். "குடிகார டிரைவர் ஒருத்தன் இங்கேதான் காரை மோதிச் செத்தான்" என்று சொல்ல வேண்டுமாம். மானேஜர் உத்தரவு. பயணிகள் இறங்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்து, படம் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள்.

நீயா குடிகாரன்? அப்பா குடித்தே அழிந்ததைப் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டில்கூடக் கள்ளைத் தொடாதவன் நீ.

அன்றைக்கு நடந்ததை உன்னோடு கார் ஓட்டிய காதர் அண்ணன் என்னிடம் சொல்லிவிட்டார். உனக்குப் பின்னால் அவர் கார். அதில் மானேஜர். பாலிக் புலாவில் மழை கொட்டியபோது, "மண்ணு சரியுது துரை, மழை விடட்டும்" என்று நீ கெஞ்சினாயாம். "கப்பல் போயிரும். இப்ப எடு, இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்றாராம் அவர். நீ எடுத்தாய். வளைவில் மண் சரிந்து வந்ததும், பள்ளத்தில் விழாமல் காரை மலைப்பக்கம் திருப்பினாய். பாறை உன் பக்கம் இடித்தது. உன் காரின் பின்சீட்டில் இருந்த வெள்ளைக்காரர் இருவரும் சிராய்ப்போடு எழுந்து அன்று மாலையே கப்பலேறிப் போனார்கள். நீ சொன்னதை மானேஜர் கேட்கவில்லை, நீ செய்ததை அவர்களும் யாரிடமும் சொல்லவில்லை.

பாசார் சந்தையில் ஒருத்தி அண்ணியைப் பார்த்து, "குடிச்சுச் செத்தவன் பொண்டாட்டி" என்றாள். அண்ணி மீன்கூடையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றுதான் காதர் அண்ணனிடம் போய் நின்றேன்.

"நான் வண்டிய நிறுத்துவேன் தங்கச்சி, வாயத் தொறக்கிறதில்ல. மத்தவங்க சொல்றாங்க. வேலை போயிருமேன்னு பயம்" என்றார்.

"அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்கண்ணே. அங்கே நான் பேசுறேன்."

முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். கோயிலுக்குப் போகிற பெண் என்று காதர் அண்ணன் பயணிகளிடம் சொல்லி வைத்தார். வளைவில் கார் நின்றதும் பின்னாலிருந்த சீமாட்டி, "அந்தக் குடிகாரன் விழுந்த இடம் இதுதானே?" என்று ஆவலோடு கேட்டாள். கப்பலிலேயே கதை பரவியிருக்கிறது!

கான்வென்ட்டில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் இங்கிலீஷ் அன்றைக்கு எனக்கு உதவியது. அவன் என் அண்ணன் என்றேன். மழையைச் சொன்னேன். மானேஜர் மிரட்டியதைச் சொன்னேன். நீங்கள் சவாரி வரும் இந்தப் பாதையே எங்கள் ஆட்கள் பாறை உடைத்துப் போட்டது, அதில் எங்களையே குடிகாரன் என்கிறீர்களா என்று கேட்டேன்.  சொல்லி முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

சீமாட்டி கைக்குட்டையை எடுத்தாள். அவள் புருஷன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நல்ல ஜாதிக்காய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று காதர் அண்ணனைக் கேட்டார்.

அவ்வளவுதான் அண்ணே. உன் உயிருக்கு அவ்வளவுதான்.

விஷயம் காதுக்கு எட்டி மறுநாள் மானேஜர் காதர் அண்ணனைக் கூப்பிட்டு, "இனிமே நீயே வாயத் திறந்து அந்தக் கதையச் சொல்லணும்" என்றாராம். "அந்தப் பொய்ய என் வாயால சொல்ல மாட்டேன்" என்று சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார் அவர். இப்போது கெப்பாலா பத்தாஸ் பக்கம் லாரி ஓட்டுகிறார். மற்ற டிரைவர்களில் சிலர் அந்த வளைவில் நிறுத்துவதையே விட்டுவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. மானேஜருக்குத் தெரியும். தெரிந்துதானே சொல்கிறார்? உன்னைக் குடிகாரனாக்கினால்தானே அவர் கையில் கறை இருக்காது?

அண்ணி சொல்கிறாள், "விட்டுரு செசிலி, செத்தவரு திரும்பி வரப் போறாரா?" என்று. நீ திரும்ப வேண்டாம். உன் பெயர் திரும்ப வேண்டாமா?

கான்வென்ட் விடுமுறை நாளில் கப்பல் வந்தால் போதும், முதல் பஸ்ஸில் மலைக்கு ஏறிவிடுவேன். வளைவில் கார் நிற்கட்டும், நானும் நிற்கிறேன். அவர்கள் சொல்லி முடித்ததும் நான் தொடங்குவேன். ஜாதிக்காய் வாங்கப் போகிறவர்கள் போகட்டும். கேட்கிறவர் ஒருவராவது இருக்கும்வரை உன் கதையை நான்தான் முடித்துவைப்பேன்.

இது சத்தியம் அண்ணே.

உன் கூடப் பிறந்த கோபக்காரத் தங்கை,
செசிலி
சுங்கை பினாங்