ஈயப் படைக்குப் புலிக்கோடு

கீழ்வீட்டு ஜன்னல்களுக்கு இன்று வர்ணம் அடிக்கிறார்கள். வங்காளிகளின் பூஜைக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. ஆளிவிதை எண்ணெயும் டர்பென்டைனும் கலந்த வாடை மாடிப்படி ஏறிக் கூடத்துக்கு வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். வீட்டுக்கார மாசிமா கீழேயிருந்து வங்காளியில், "ரெண்டு நாள் பொறுத்துக்கோ பாபா, காய்ஞ்சா போயிடும்" என்றாள். கிதிர்பூர் பாலம் வரைக்கும் நடந்து போய் நின்றுவிட்டு வந்தேன். வாடை போகவில்லை. அதனால் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த ஊருக்கு நாம் வந்த முதல் வருஷத்தை நினைத்துக்கொள்கிறேன். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் எனக்கு உத்தியோகம். உனக்கு வங்காளி தெரியாது. தமிழ் பேச அக்கம்பக்கத்தில் ஒரு ஜீவன் கிடையாது. முதல் குழந்தை ஐந்தாம் மாசத்தில் வயிற்றிலேயே போயிற்று. அதற்குப் பிறகு நீ பேசுவதையே விட்டுவிட்டாய். கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான். காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளை சாயங்காலம் அதே இடத்தில் பார்ப்பேன். மடியில் நறுக்காத காய் இருக்கும்.

அந்த மாதிரி ஒரு நாளில்தான் எங்கள் செக்ஷன் துரை சீமைக்குத் திரும்பினார். அவர் மகன் விளையாடித் தீர்த்த ஈயச் சிப்பாய்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஒருவரும் தொடவில்லை. என்ன தோன்றியதோ, நான் தூக்கிக்கொண்டு வந்தேன். பாதிப் பேருக்குத் தலை இல்லை, குதிரைகளுக்குக் கால் இல்லை. நீ ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"ஏன்னா, அத்தனை பேரும் செவப்புக் கோட்டுக் கும்பினிக்காராளா இருக்காளே. இவா யாரோட சண்டை போடுவா?"

நாலு மாதத்தில் நீயாகப் பேசிய முதல் பேச்சு அது.

"நீதான் சொல்லேன்" என்றேன்.

"மைசூர்க்காராளோடதான். எங்க ஊர்க் கோட்டை அவா கையிலதானே இருந்தது!"

திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே பிறந்து வளர்ந்தவள் நீ. கோட்டையில் யார் எந்தப் பக்கமாக ஏறினார்கள், பீரங்கி எங்கே நின்றது என்பதெல்லாம் உனக்கு மனப்பாடம். அன்றைக்கே தலையில்லாத சிப்பாய்களைத் தனியாகப் பிரித்தாய். தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்து, விரலால் முறுக்கி, பல்லால் கடித்து நறுக்கி, தலைப்பாகை சுற்றினாய். கோட்டு வாலை அரத்தால் ராவி அங்கியாக்கினாய். புதுத் தலையைத் தீக்குச்சித் துண்டில் செருகிக் கழுத்தில் நட்டு, ஆபீஸிலிருந்து நான் கொண்டுவந்த சீல் அரக்கை உருக்கி ஒட்டினாய். துடைப்பக்குச்சியைச் சீவி, மைசூர்க்காரர்களின் வாணத்தைத் தோளில் சாத்தினாய். துரை வீட்டுப் பிள்ளையின் கும்பினிச் சிப்பாய் உன் கையில் ஒரு வாரத்தில் கட்சி மாறிவிடுவான்.

இனி வர்ணம்தான் பாக்கி. நீலச் சட்டை, அதன் மேல் வரிசை வரிசையாக வெள்ளைப் புலிக்கோடு. அப்படித்தான் உடுத்துவார்கள் என்று உன் ஊரில் சொல்வார்களாம்.

தர்மதலாவில் ஒரு வர்ணக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதானவர். நீலம், கறுப்பு, மஞ்சள் எல்லாம் பேசாமல் எடுத்துக் கொடுத்தவர், வெள்ளை டப்பாவை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எதற்கு?" என்று கேட்டார். எனக்கு அதற்குள் கொஞ்சம் வங்காளி வந்திருந்தது.

"பொம்மைக்கு. வீட்டில் பூசுவார்கள்."

"இது ஈய வெள்ளை, விஷம். தூரிகையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் விடச் சொல்லுங்கள். என்னிடம் வர்ணம் பூசிக்கொண்டிருந்த ஒரு மிஸ்திரிக்குக் கை விழுந்துவிட்டது."

ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று எழுதிவிடலாமா என்று இப்போது பேனா தயங்குகிறது. வேண்டாம். புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போனாய். நான் கால் கழுவி வருவதற்குள் முதல் சிப்பாய் தயார். புலிக்கோடு மயிரிழை கனம். "எப்படிடி?" என்றேன். "இப்படித்தான்" என்று தூரிகையை உதட்டுக்குள் விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்துக் காட்டினாய். நுனி ஊசியாக நின்றது. நீ சிரித்தாய். நான் சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவாயோ என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் இன்னும் ஆறு பேருக்குக் கோடு போட்டிருந்தாய்.

ஐந்து வருஷம் நன்றாக இருந்தோம் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் இருந்தோம். இரண்டு டிரங்குப் பெட்டிமேல் பழைய கதவுப் பலகையைப் போட்டு, பச்சைத் துணி விரித்து, அடியில் புத்தகங்களைச் செருகிக் குன்றாக்கினோம். காலாட்படைக்கு ஒரு சாண் நடை, குதிரைக்கு ஒரு முழம். யார் சாவது என்பதற்குத் தாயக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்த கையோடு உட்காருவோம். உன் குதிரைகளை எப்போதும் குன்றுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாய். ஒவ்வொரு தடவையும் நான் ஏமாறுவேன். "கும்பினியாருக்குப் புத்தி வரவே வராதா?" என்பாய். மாசிமா காபி வாங்கிக் குடிக்க வருபவள்போல வந்து, ஒரு வார்த்தை புரியாமல், உன் பக்கமாக நின்று கை தட்டுவாள். அவளிடம்தான் நீ வங்காளி கற்றாய்.

அந்த ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் போயிற்று. ஊரிலிருந்து என் அம்மா கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினாள். ராமேசுவரம் போ, நாகப் பிரதிஷ்டை பண்ணு என்று முதலில். பிறகு, அவள் வயிற்றில் ஏதோ தோஷம், வேறு பெண் பார்க்கவா என்று. அந்தக் கடிதத்தை ஒளித்து வைத்தேன். நீ எடுத்துப் படித்துவிட்டாய். போய்ப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, தூரிகையை எடுத்தாய். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வயிற்றுவலி முதலில் வந்தது. ஓமத் தண்ணீர் குடித்தாய். முகம் வெளுத்தது. பிறகு ஒரு நாள் காலை, இட்லித் தட்டைத் தூக்கப் போனபோது உன் வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது. விரல் மடங்கியது, கை நிமிரவில்லை. "மரத்துப் போயிருக்குன்னா, தேய்ச்சு விடுங்கோ" என்றாய். தேய்க்கும்போதே எனக்கு அந்தக் கடைக்காரரின் மிஸ்திரி ஞாபகம் வந்துவிட்டான்.

பவானிபூர் டாக்டர் உன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பல்லோரமாக நீலக் கோடு ஓடியது. என்னை வெளியே அழைத்துப் போய் இங்கிலீஷில் கேட்டார். "வீட்டில் ஈயம் புழங்குகிறதா? வர்ணம்?" சொன்னேன். "எத்தனை வருஷமாக?" சொன்னேன். "எத்தனை கர்ப்பம் கலைந்தது?" மூன்று என்றேன், முதலாவது வர்ணத்துக்கு முந்தியது என்றேன். "மற்ற இரண்டும் தங்கியிருக்க வழியே இல்லை" என்றார்.

நீ வண்டியில் கேட்டாய்: "டாக்டர் என்ன சொன்னார்?"

"ரத்தம் குறைச்சலாம்."

அன்றைக்கே சிப்பாய்கள் எல்லாரையும் டிரங்குக்குள் போட்டுப் பூட்டினேன். கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று பொய் சொன்னேன். உனக்கு அது வேறுவிதமாகப் பட்டது. "பொம்மனாட்டி சண்டை விளையாடினதுக்குத் தெய்வக் குத்தம்னு நினைக்கறேளா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். ஏன் பூட்டினேன் என்று சொல்லவில்லை. சொல்ல வந்தால், தர்மதலாக் கடையிலிருந்து அல்லவா ஆரம்பிக்க வேண்டும்?

மருந்து ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது நாள். கடைசியாக நீ தெளிவாகப் பேசியது ஒரு மத்தியானம். மாசிமா உனக்கு இளநீர் கொடுத்துவிட்டுக் கீழே போயிருந்தாள்.

"ஏன்னா, உங்க அம்மா எழுதினபடி பண்ணிக்கோங்கோ. எந்த ஜன்மத்துப் பாவமோ, என் வயித்துல ஒண்ணும் தங்கல்லே. என் பாவத்துக்கு நீங்க ஏன் தண்டனை அனுபவிக்கணும்?"

தொங்கிய உன் கையை என் முழங்கால்மேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். "பேசாதே, களைப்பாகும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நாலாம் நாள் ஜன்னி கண்டு, உடம்பு வெட்டி வெட்டி இழுத்து, என்னை யாரென்று தெரியாமலேயே போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்தபின் உன் அப்பாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். கடைக்காரர் சொன்னதை, நான் சொல்லாததை, டாக்டர் சொன்னதை. பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. வழக்கமான 'மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்' இல்லை. மூன்று வரி: "என் பெண்ணின் உடம்பில் குறை இல்லை என்று தெரிந்துகொண்டேன். இதை அவள் காதில் போட்டிருக்கலாம். இனிக் கடிதம் வேண்டாம்."

டிரங்கு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எந்த வீட்டுக்கும் கொடுக்க முடியாது. ஒரு தடவை கங்கையில் போட்டுவிடலாம் என்று படித்துறை வரை கூலியாள் தலையில் ஏற்றிக்கொண்டு போனேன். மேலாக இருந்த ஒருவனின் முதுகில் உன் கோடுகள் கொஞ்சமும் பிசகாமல் இருந்தன. திரும்பத் தூக்கி வரச் சொல்லிவிட்டேன். அம்மா இன்னும் பெண் பார்த்து எழுதுகிறாள். பதில் போடுவதில்லை.

உன்மேல் குற்றம் இல்லை. மூன்று வார்த்தை. உன் அப்பாவுக்கு எழுதினேன், மாசிமாவிடம் உடைந்த வங்காளியில் அழுது சொன்னேன், ஆபீஸுக்குப் போகும் வழியில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டியவள் என் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தபோது, களைப்பாகும் என்றேன்.