வரப்பைத் தாண்டாத நாய்

மச்சான், என் சட்டையெல்லாம் ஈர நாய் வாடை. குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். இருக்கட்டும். நீ செத்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது, அதனால் என்ன? இன்று காலை உன் காட்டோரக் கொல்லை நிலத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

கண்டாச்சிபுரத்துப் பக்கம் காட்டோரம் நிலம் வைத்திருப்பவனுக்குப் பன்றிதான் எதிரி. மல்லாட்டை வேரில் கடலை பிடித்தால் போதும், கூட்டமாக வந்து உழுதுவிட்டுப் போகும். அதற்காகத்தானே சிப்பிப்பாறை நாயையும் கோம்பை நாயையும் சேர்த்து ராணியை உண்டாக்கினோம்? வேகத்துக்கு ஒன்று, முரட்டுத்தனத்துக்கு ஒன்று. ஓடினாள் பார், அம்மாடி! ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டு அடுத்தவன் கரும்புக்குள் புகுந்தவள், வயிறு கிழிந்து திரும்பினாள். அதற்குள் மற்றப் பன்றிகள் கொல்லையைக் காலி செய்திருந்தன. அவளை மடியில் போட்டுக்கொண்டு விழுப்புரம் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடும்போது நான் அவள் வீரத்தைப் புகழ்ந்துகொண்டே வந்தேன். நீதான் எரிந்து விழுந்தாய்.

"தொரத்திகினு ஓடற நாயி நமக்கு எதுக்குடா? வரப்புல நின்னுகினு கத்தற நாயிதான்டா வேணும்."

அப்படி ஒன்றை எங்கே கண்டுபிடித்தாய்! கூட்டேரிப்பட்டில், திண்டிவனம் பஸ்ஸுக்குக் காத்திருந்த டீக்கடையில். கறுப்பு நாட்டு நாய். கடைச் சாமானில் எவனாவது கை வைத்தால் குரைத்தே விரட்டிவிடும். ஆனால் கடைவாசலைத் தாண்டி ரோட்டில் மட்டும் கால் வைக்காது. ரோட்டில் கால் வைத்த நாய்களெல்லாம் லாரியில் அடிபட்டுப் போய்விட்டன, எல்லை தெரிந்ததுதான் மிஞ்சியிருக்கிறது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாய். வந்த பஸ்ஸையும் விட்டாய். நம் ராணிக்கு இந்தத் தெருப்பொறுக்கியா மாப்பிள்ளை என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீ கேட்டால்தானே? பெண் வீட்டார் மாதிரி குழைந்து குழைந்து பேசி டீக்கடைக்காரரைச் சம்மதிக்க வைத்துவிட்டாய்.

ராணி சினையாக இருக்கும்போதே நெஞ்சுவலி என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. பாவி, குட்டிகளைப் பார்த்துவிட்டாவது போயிருக்கக் கூடாதா?

குட்டி பொறுக்குவதிலும் நமக்குள் ஓயாத சண்டைதான். நான் காலைப் பார்ப்பேன், மார்பைப் பார்ப்பேன். நீ அவற்றுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டை டமாரென்று போடுவாய். பயந்து ஓடுவதும் வேண்டாம், உறைந்து நிற்பதும் வேண்டாம். துள்ளிவிட்டு, என்ன சத்தம் என்று திரும்பி வந்து தட்டை மோந்து பார்ப்பதுதான் வேண்டும் என்பாய். இந்த முறை நானே தட்டைப் போட்டேன். நான் கண் வைத்திருந்த நெட்டைக்காலன் வீல் என்று கத்திக்கொண்டு ஓடிவிட்டான். திரும்பி வந்து மோந்தது ஒரே ஒரு பெட்டை. குட்டைக்கால், ஒரு காது தொங்கல், இருந்ததிலேயே அதுதான் அவலட்சணம். எனக்கு வயிறெரிந்தது. ஆனாலும் அதைத்தான் உன் மனைவியிடம் கொண்டுபோய் விட்டேன்.

உன்னைப் பறிகொடுத்த தங்கச்சி முடிவாகச் சொல்லிவிட்டிருந்தாள்: "இந்த ஒரு போகம் பாக்கறேண்ணா. பன்னி பூந்துச்சுன்னா கொல்லைய குத்தகைக்கு வுட்டுட்டு, திண்டிவனத்துக்கு அம்மா வூட்டுக்கே போயிடறேன்." நீ கல் பொறுக்கிப் பண்படுத்திய கொல்லை. அதைப் போய் ஒரு குட்டைக்கால் நாயை நம்பி விட்டிருக்கிறோமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று கொல்லை ஓரத்தில் பன்றிக் காலடி இருப்பதாகப் போன் செய்தாள். இன்று விடியும்போதே போய்விட்டேன். தூறிக்கொண்டிருந்தது. நினைத்தபடியே புதரிலிருந்து கூட்டமாக இறங்கின. முன்னால் ஒரு கிழட்டு ஆண் பன்றி, கோரைப்பல்லை நீட்டிக்கொண்டு. நம்ம குட்டைக்காலி ஒரே பாய்ச்சல். போச்சுடா, இவளும் தாயைப் போலத் தாண்டிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். வரப்பு வந்ததும் பிரேக் போட்டாள் பார்! முன்னங்கால் இரண்டையும் வரப்பில் ஊன்றிக்கொண்டு குரைத்தாள், அப்படிக் குரைத்தாள். கிழட்டுப் பன்றி முன்னால் வந்து பார்த்தது. இவள் பின்வாங்கவும் இல்லை, தாண்டவும் இல்லை. அதற்கு என்ன தோன்றியதோ, உறுமிவிட்டுத் திரும்பிவிட்டது. கூட்டமும் அதன் பின்னால் போனது. இவள் துரத்தவில்லை, மச்சான்! வரப்போடு இப்படியும் அப்படியும் நடந்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு வந்தாள். நான் சேற்றில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன்.

பின்னாலேயே வந்த தங்கச்சி கொல்லைக்குள் இறங்கினாள். ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, காயை உடைத்துப் பார்த்தாள்.

"பருப்பு நல்லா வெச்சிருக்குண்ணா. அடுத்த போகத்துக்கு வெதை இதுலயே எடுத்துக்கலாம்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயிச்சிட்டடா என்று கத்திக்கொண்டே, உன் முதுகில் ஒன்று வைக்கக் கையை ஓங்கிக்கொண்டு திரும்பினேன். வாங்கிக்கொள்ள நீ இல்லை. அந்த அடி இன்னும் என் கையிலேயே இருக்கிறது, மச்சான்.