ரத்தத்தில் இல்லை என்றார்கள்

காலையில் சந்தையிலிருந்து வாங்கி வந்த மல்லித்தழைக் கட்டை அவிழ்த்ததும் ஈர மண் வாசனை எழுந்தது. நாலைந்து தண்ணீர் மாற்றி அலசினேன். உனக்கு நோய் இந்த வழியாகத்தான் வந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, எந்தக் கீரையைத் தொட்டாலும் நீ நினைவில் வந்துவிடுகிறாய், தோழி.

பாளையங்கோட்டைப் பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து கரும்பலகையடியில் விழுந்தாய். ஸ்கேனில், மூளைக்குள் ஒரே ஒரு சின்னக் கட்டி. பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதில் பிறந்த இளம்புழு மூளையில் தங்கியதால் வந்த கட்டி. உன் மாமியாருக்கு அதைக் கேட்கவே பொறுக்கவில்லை.

“பன்னி திங்குத வீடுன்னு நெனச்சீங்களா? நாங்க சைவம்” என்றார் மருத்துவரிடம். கறியே வேண்டாம், புழுவின் முட்டை ஒட்டிய காய்கறியைப் பச்சையாகத் தின்றாலே போதும் என்று அவர் எவ்வளவோ சொன்னார். யார் கேட்டார்கள்?

நீ மட்டும் சிரித்தாய். “ஏட்டி, நான் கோழி முட்டைகூடத் தொட்டதில்ல. என் மண்டைக்குள்ள பன்னிப்புழு குடியிருக்கு பாரு.”

உன் கணவர் வேறோர் இடத்தில் உன் ரத்தத்தைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார். புழு இல்லை என்று முடிவு வந்தது. நான் ஓடி வந்தேன். இந்தப் புழுவுக்கு நல்ல சோதனையை உருவாக்குவதுதானே என் வேலை? இப்போது கிடைக்கும் ரத்தச் சோதனை, கட்டி ஒன்றே ஒன்று என்றால் பெரும்பாலும் தவறவிடும் என்று உன் வீட்டில் நின்று மன்றாடினேன்.

“இல்லன்னு அச்சடிச்சுக் குடுத்திருக்கான். நீங்க உண்டுங்கீங்க. யாரை நம்ப?” என்றார் அவர். குடும்பத்தின் மேல் விழுந்த பழி நீங்கிய நிம்மதி அவர் முகத்தில். வலிப்பு மாத்திரையையும் நிறுத்தினார்கள்.

வாசல்வரை வந்து, “விடுட்டி, சண்ட போடாத. இப்பம் வலிப்பே வரலல்லா” என்றாய்.

ஆடி அமாவாசையன்று குறுக்குத்துறையில் முங்கிய நீ எழவில்லை. இடுப்பளவுத் தண்ணீர். நீச்சல் தெரிந்தவள் நீ. ஆறு இழுத்துவிட்டது என்று ஊர் பேசிற்று. தண்ணீருக்குள் வலிப்பு வந்ததற்குத் தாமிரபரணி என்ன பாவம் செய்தது?

போன மாதம் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் வந்தார். ஒற்றைக் கட்டியையும் காட்டிக்கொடுக்க நாங்கள் செய்திருக்கும் சோதனை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல வேலைதான் மேடம். ஆனா இதை வாங்கப் போறது யாரு? இது ஏழைங்களுக்கு வர்ற நோய்.”

“என் கூட்டுக்காரி ஏழை இல்ல சார்” என்றேன். “ஏழையாவே இருந்தாலும் சாக விட்டுருவீங்களா?”

எங்கள் தலைவர் உட்காரும்படி கண்ணைக் காட்டினார். நான் உட்காரவில்லை. வந்தவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பினார். இன்றுவரை பதில் இல்லை. வழுக்கைத் தலைக்கு வாரத்துக்கொரு மருந்து விற்கிறவர்களுக்கு, வலிப்பு வந்து விழுகிறவளைப் பார்க்க நேரமில்லை.

போன வாரம் மணிமுத்தாறு பக்கத்திலிருந்து வலிப்பு என்று ஒரு பெண் வந்தாள். பழைய சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் அட்டையில் மங்கலாக ஒரு கோடு விழுந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். உனக்கு இருந்ததைப் போலவே ஒற்றைக் கட்டி. மாத்திரை தொடங்கியாகிவிட்டது. எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது என்று அவள் கணவனை உட்காரவைத்துத் திரும்பத் திரும்பச் சொன்னேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவன் மிரண்டுபோய்த் தலையாட்டினான்.

மனசு ஆறிற்றா என்று உன் அம்மா கேட்கிறார்கள். ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. இந்தக் கோபத்தோடுதான் தினமும் ஆய்வகக் கதவைத் திறக்கிறேன்.