கோயிலுக்காகப் போட்ட மாத்திரை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே நல்ல வெயில். போர்வை எல்லாம் துவைத்தாச்சு. கிள்ளான் பாசாரில் பூசணி, வெண்டைக்காய். பால்குடம் முடியும்வரை வீட்டில் சைவம்.

மறுபடியும் துணியில் ரத்தம் பட்டது. மாதவிலக்கு போன வாரம்தான் முடிந்தது. இந்த வருஷம் முழுக்க இப்படித்தான், நடுநடுவே. சாமி அறைக்கு வெளியே நின்று கும்பிட்டேன். விளக்கு இவர் ஏற்றினார். திரி எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடந்தது.

மகளுக்கு யூனிவர்சிட்டி இடம் கிடைத்தால் பால்குடம் என்று நேர்ந்துகொண்டேன். கிடைத்தாச்சு. 27-ஆம் தேதி ஆடித் திருவிழா. இப்படியே பட்டுக்கொண்டிருந்தால் கோயில் வாசலைக்கூட மிதிக்க முடியாது.

அது ஒரு கவலை. இன்னொன்று எழுத கை வரவில்லை. அம்மாவுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இப்படித்தான் ஆரம்பித்தது. எழுதிவிட்டேன்.

காப்பாரில் இருக்கும் சரோஜாவிடம் மட்டும் போனில் சொன்னேன். இவர் தங்கை. நாளைக்கே பிரிக்ஃபீல்ட்ஸ் லேடி டாக்டரிடம் போகிறோம் என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

ஜூலை 9, புதன்

கொமுட்டர் ரயிலில் கூட்டம். சரோஜா உருளைக்கிழங்குக் கறிபாப் வாங்கினாள். எனக்கு இறங்கவில்லை. என்னுடையதையும் அவளே சாப்பிட்டாள்.

கிளினிக், பூக்கடைக்கு மேல் மாடி. டாக்டர் சின்னப் பெண். நெற்றியில் விபூதி. பாதிப் பயம் அங்கேயே போச்சு.

எப்போது, எவ்வளவு, வலி உண்டா, கணவரோடு இருந்த பிறகு படுகிறதா. கடைசிக் கேள்விக்குச் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். சரோஜா கைப்பைக்குள் எதையோ ரொம்ப நேரம் தேடினாள்.

வேறு மருந்து ஏதாவது? ஒன்றுமில்லை, தலைவலி மாத்திரைகூடப் போடமாட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"பூசை வந்தா தள்ளிப்போட மாத்திரை போடுவீங்களா அக்கா?"

"அது கோயிலுக்குங்க டாக்டர். மருந்து இல்லையே."

டாக்டர் சிரித்துவிட்டார். அவர் அம்மாவும் இதையேதான் சொல்வாராம். எப்போதெல்லாம் என்று கேட்டார். தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, பக்கத்து வீட்டுக் கிரகப்பிரவேசம். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கம். செலவு நோட்டிலும் அதைச் சூடத்துக்கும் பூவுக்கும் கீழேதான் எழுதுவேன். அப்படி அடிக்கடி போட்டு நிறுத்தினால் மாதக்கணக்கு தாறுமாறாகுமாம். ஆனால் அதன் மேலேயே பழியைப் போட்டுவிட்டு இருக்கக்கூடாது, உள்ளே பார்த்துவிடலாம் என்றார்.

திரைக்குப் பின்னால் படுத்தேன். முருகா முருகா. கர்ப்பப்பை வாயில் சின்னதாய்ச் சதை தொங்குகிறதாம், உலர்ந்த திராட்சை அளவு. இப்போதே எடுக்கட்டுமா என்று கேட்டு, நான் சரி சொல்லி முடிப்பதற்குள் திருகி எடுத்துவிட்டார். லேசாய் இழுத்த மாதிரி, அவ்வளவே. மெல்லிய குழாய் விட்டு உள்ளிருந்தும் கொஞ்சம் எடுத்தார். அது வலித்தது. முருகனை உரக்கவே கூப்பிட்டேன். ஸ்கேனும் ஆச்சு.

எல்லாம் லேப்புக்குப் போயிருக்கிறது. ரத்தம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை, தேத்தண்ணியோடு கூடாது. தள்ளிப்போடும் மாத்திரை இனி அவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பால்குடம் பற்றிக் கேட்டேன். முதலில் ரிசல்ட் வரட்டும் என்றார்.

ஜூலை 16, புதன்

மழை. துணி காயவில்லை. படுவது நின்றுவிட்டது. போன் அடிக்கும்போதெல்லாம் டாக்டரோ என்று ஓடுகிறேன். இன்றைக்கு இன்ஷூரன்ஸ் விற்கிற பெண்.

இவரிடம் சொல்லிவிட்டேன். இத்தனை மாதம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றேன்.

"விளக்கு நான்தானே ஏத்துறேன். எனக்குத் தெரியாதா?"

சாப்பிட்ட தட்டை அவரே கழுவினார்.

ஜூலை 22, செவ்வாய்

டாக்டரே கூப்பிட்டார். சாதாரணச் சதைதான். உள்ளே எடுத்ததும் சுத்தம். கெட்டது எதுவும் இல்லை. இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர் என்றேன். சொன்னார்.

குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு சேமியா பாயசம். முந்திரி தாராளம். சரோஜா போனில் அழுதாள், உடனே மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சேலை எடுக்கவேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாள்.

ஜூலை 26, சனி

காலையில் வந்துவிட்டது. நடுவில் பட்டது இல்லை, மாதத்துக்கு வருவது. சரியான தேதியில், தானாக.

நாளைக்குப் பால்குடம். அழுகை வரவேண்டும், சிரிப்பு வந்தது. நல்ல உடம்பு செய்யவேண்டியதைச் செய்கிறது, அதைப் போய் எப்படித் திட்டுவது?

சரோஜா: "அம்மனும் பொம்பளதானே அண்ணி. கோவிச்சுக்க மாட்டா லா."

நம் பிள்ளைக்கு நேர்ந்ததுதானே, நான் தூக்குகிறேன் என்றார் இவர். அரிசி மூட்டைக்கே இடுப்பைப் பிடிக்கிறவர். விரதம் இருக்கவேண்டுமே என்றேன். இத்தனை நாள் பூசணிக்காய்தானே போட்டாய் என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

தூறல். சரோஜாவும் நானும் கோயிலுக்கு எதிர்ப்பக்கம், ஒரே குடைக்குள். தெரிந்த பெண் ஒருத்தி, ஏன் ஆன்டி நீங்க தூக்கல என்றாள். ரெண்டாவது நாள்மா என்று நடுரோட்டில் சொன்னேன். வாய் கூசவே இல்லை.

மேளம். இவர் வந்தார். மஞ்சள் வேட்டி, தலையில் குடம், கண்ணாடி மேல் நடக்கிற மாதிரி நடை. பால் வழிந்து மீசையெல்லாம் வெள்ளை. தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பி, சரியாத் தூக்குறேனா என்றார்.

நேரா பாத்து நடங்க என்றேன்.