துறையடிக் குப்பைக்குத் தலைவர் யார்?

ஓகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காற்று. வாயைத் திறந்தால் மணல்.

முதலில் மன்னிப்பு. ஒரு எழுத்து ஆட்டுக்குட்டி அளவு, அடுத்தது எறும்பு அளவு. இதை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் இவ்வளவு சிரமப்பட்டு வந்து நிற்கும் எழுத்துகளிடம் ஒரு வார்த்தை சொல்லத்தானே வேண்டும். துடுப்புப் பிடித்த கை. அமத்தினால் தாள் கிழிகிறது. மெல்லப் பிடித்தால் பேனை வழுக்குகிறது. 'ழ'வின் வால் கோட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக் காணிக்குள் போய்விட்டது.

வயது எழுபத்திரண்டு. மாதா கோவில் மண்டபத்து எழுத்து வகுப்பில் ஏழு மாதம். நாளுக்கு நாலு வரியாவது எழுதச் சொல்லியிருக்கிறார் மேரி டீச்சர். "எதப் பிள்ள எழுதுற?" என்றேன். "நடந்தத எழுதுங்க ஐயா. ஆரு பாக்கப் போறாங்க?"

நடந்தவை:

களப்பில் இறால் கொஞ்சம். நண்டு இல்லை.

சந்தியில் பஸ் பலகை வாசித்தேன். செ, ங், க, ல, டி. முடிக்கும்போது பஸ் போய்விட்டது. நான் ஏற வேண்டிய பஸ். இருந்தாலும் முழுவதும் வாசித்தேன்.

துறையடி நாறுகிறது. தோணியைக் கரைக்கு இழுக்க இடமில்லை. பொலித்தீன் பைகள், கோழி இறகு, கிழிந்த மெத்தை, ஒற்றைச் செருப்புகள். இறங்கி நடந்தபோது யாரோ ஒரு பிள்ளையின் பம்பஸ் என் காலில் ஒட்டிக்கொண்டு வீட்டு வாசல் வரை வந்தது. மனைவி பாக்கியம் வாசல் கூட்டும் தும்புத்தடியோடு நின்றாள். "அத அங்கயே விட்டுட்டு வாங்க. இல்லாட்டி நீங்களும் அங்கயே நில்லுங்க."

புதன்கிழமை கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம். பேச வேண்டும்.

கை வலி. போதும்.

ஓகஸ்ட் 6, புதன்

வெயில். கூட்டத்தில் மின்விசிறி ஒன்று. அது செயலாளர் பக்கம்.

செயலாளர் அருளம்பலம். ஓய்வுபெற்ற தபால் அதிபர். எதைச் சொன்னாலும் முத்திரை குத்துவதுபோல் மேசையில் ஒரு தட்டு.

"இண்டைக்கு ஒரேயொரு விசயம். துறையடிக் குப்பை. ஆருட பொறுப்பு?" தட்டு.

நேரம் போகப்போகப் பொறுப்பு ஊரைச் சுற்றியது. எனக்கு நினைவிருக்கும் வரை:

பிரதேச சபையின் பொறுப்பு என்றார்கள். சபையின் குப்பை மெசின் ஒழுங்கைக்குள் திரும்பாது என்றார் ஒருவர். ஒழுங்கை ஏன் ஒடுங்கியது என்று கேட்டது பின்வரிசை. எல்லாரும் வேலியை ஒவ்வொரு சாண் முன்னுக்கு வைத்ததால் என்றது நடுவரிசை. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

கோழிக்கடை யோகனின் பொறுப்பு என்றாள் மகளிர் சங்கத்துச் சந்திரா. யோகன் எழுந்தான். "என்ட கழிவ நான் கிடங்கு வெட்டிப் புதைக்கிறன் அக்கா. அங்க கிடக்கிறது பம்பஸ். கோழி என்ன பம்பஸா கட்டுது?"

"இறகு கிடக்கே?"

"இறகு காத்துல போற சாமான். கச்சானப் புடிச்சிக் கேளுங்க."

காற்றின் பொறுப்பு என்று முடியப் பார்த்த நேரத்தில் மூலையிலிருந்து ஒருவர்: "முந்தி இதுக்கெண்டு ஒரு குழு இருந்திச்சே? துறையடிப் பாதுகாப்புக் குழு. பலகை கூட நட்டாங்க."

ஓம், ஓம் என்றார்கள். பலகை யாருடைய ஆட்டுக்கொட்டிலிலோ கூரையாக இருக்கிறதாம். தலைவர் யார்? யாருக்கும் தெரியவில்லை.

நான் எழுந்தேன். கூட்டத்தில் எழுந்தது இதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் பேசினால் "சங்கக் கொப்பிய வாசிச்சிட்டுப் பேசுங்க" என்பார்கள் என்று பயம். இப்போது என்ன பயம்?

"தலைவர் எண்டு பேர எடுத்துக்கிட்டு வீட்டுல படுக்கிற ஆள் ஆரு? அவரக் கண்டுபுடியுங்க. இந்தத் துறையடியில நிப்பாட்டி, எல்லாத்தையும் அவர்ர கையாலயே அள்ள வைக்கோணும். ஆரும் உதவப்படாது. வெக்கம் எண்டா என்ன எண்டு தெரியட்டும்!"

கைதட்டு! யோகன் விசில் அடித்தான். காற்றும் தானும் தப்பியது அவனுக்குச் சந்தோஷம்.

தீர்மானமாக எழுதினார்கள். பிரேரித்தவர்: நல்லதம்பி. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பெருவிரல் வைக்க மைப்பெட்டியைத் தள்ளினார் செயலாளர். "அது வேணா. பேனை தாங்க" என்றேன். 'ல்'லுக்குப் புள்ளி வைக்க மறந்து திரும்பப் போய் வைத்தேன். அவ்வளவு பேரும் காத்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

இன்று என்னைப்போல் ஒரு ஆள் களப்பின் இரண்டு கரையிலும் இல்லை.

ஓகஸ்ட் 7, வியாழன்

காற்று அதிகம். தோணி போகவில்லை.

இறால் எடுக்க வரும் காத்தான்குடி இஸ்மாயில் காக்காவிடம் கூட்டத்தைச் சொன்னேன். "எங்கட பக்கமும் இப்பிடித்தான். கமிட்டி இரிக்கி, தலைவர் இரிக்கார், குப்பையும் இரிக்கி" என்றார்.

பாக்கியம் மட்டும், "ஆரெண்டு தெரியாம ஏன் அப்பிடிப் பேசின? பாவம், அந்த ஆளுக்கும் பொண்டாட்டி பிள்ள இருக்கும்" என்றாள். பெண்களுக்கு இரக்கம் அதிகம்.

ஓகஸ்ட் 9, சனி

காற்று கொஞ்சம் குறைவு.

பழைய அறிக்கைப் புத்தகம் கிடைத்துவிட்டது. சங்கக் கட்டட அலுமாரியில் கறையான் விட்டுவைத்த பாதி. அவசரக் கூட்டம். தலைவரின் முகத்தைப் பார்க்க ஊரே வந்தது. நான் முன்வரிசை.

செயலாளர் புத்தகத்தைத் திறந்து, உள்ளே பார்த்து, என்னைப் பார்த்து, மூடினார். பிறகு மிகவும் மரியாதையாக, "நல்லதம்பி அண்ணனே வாசிக்கட்டும். அவர்ர பிரேரணைதானே" என்றார். தட்டு இல்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

வாசித்தேன். சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக. நான் எழுத்தைச் சொல்ல, சபை சேர்ந்து சொல்லைச் சொன்னது. திருவிழாப் பாட்டுப்போல.

"து, றை, ய, டி..."

"துறையடி!"

"த, லை, வ, ர்..."

"தலைவர்!"

"ந, ல், ல..."

சபை சேரவில்லை. நான் நிற்கவும் இல்லை. தம்பி. நல்லதம்பி! என் பெயர்! வேறொருவர் கையால், புத்தகத்தில், எவ்வளவு வடிவாக எழுதியிருக்கிறார்கள்! 'ல்'லுக்குப் புள்ளி சரியான இடத்தில். "பாருங்க, என்ட பேர்!" என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன்.

பிறகுதான் பக்கத்தில் இருந்த நீலப் பெருவிரல் அடையாளம் தெரிந்தது. நடுவில் தழும்பு. நண்டு கடித்த என் விரல்.

சிரிப்பில் மண்டபக் கூரை எழும்பி இறங்கியது.

இப்போது ஞாபகம் வருகிறது. பல வருடம் முன்பு வலை கொடுத்தார்கள். வரிசை. வலைக்கு ஒரு இடத்தில் விரல் வைத்தேன். "இதுலயும் ஒண்டு வையுங்க" என்று இன்னொரு தாள். அந்தக் காலத்தில் தாள் நீட்டினால் விரல் வைப்பதுதான் வழக்கம். வலை நல்ல வலை. மற்றத் தாள் என்னவென்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை. அன்றிலிருந்து நான்தான் தலைவர்.

செயலாளருக்கு இரக்கம் வந்துவிட்டது. "அண்ணே, வாசிக்கத் தெரியாத நேரம் வச்ச விரல். அது செல்லாது எண்டு எழுதுவம். பிரச்சினை முடிஞ்சிது."

நல்ல வழி. நானும் தலையை ஆட்டப் போனேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து பாக்கியம் எழுந்தாள். "இஞ்ச பாருங்க செயலாளர் தம்பி. இவர் என்னக் கட்டினதும் அந்த விரலாலதான். பதிவுப் புத்தகத்துல அதே தழும்பு கிடக்கு. அது செல்லாது எண்டா, நாப்பத்தெட்டு வருசம் நான் ஆருக்குச் சோறாக்கினன்?"

கூரை மறுபடியும் எழும்பியது. யோகன் கதிரையோடு விழுந்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்தேன். கலியாணம் விரல். காணி உறுதி விரல். மூத்தவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது விரல். அதெல்லாம் நான் என்றால் இதுவும் நான்தான். வலையையும் எடுத்துக்கொண்டேன் அல்லவா.

"செல்லும்" என்றேன். "நாளைக்கு அள்ளுறன்."

"ஆரும் உதவப்படாது எண்டும் தீர்மானம் கிடக்கே அண்ணே."

"கிடக்கட்டும். ஆரு போட்ட தீர்மானம்?"

வீட்டுக்கு வந்ததும், "இடுப்பு நோகும். எண்ணெய் காய்ச்சி வைக்கிறன்" என்றாள்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

காற்று இல்லை. நாற்றம் நகராமல் நிற்கிறது.

விடியத் தொடங்கினேன். மண்வெட்டி, சாக்கு, வாய்க்குத் துணி. ஊர் வேலியோரம் நின்று பார்த்தது. சிலர் கதிரையோடு வந்தார்கள். கரையோரக் கண்ணா மரத்து வேரில் சிக்கியதை இழுக்கும்போது, "இடது பக்கம் ஒண்டு கிடக்கு, தலைவர்!" என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

மூன்றாவது பை கிழிந்தது. உள்ளேயிருந்து தாள்கள். தாள் என்றால் என்னால் இப்போது சும்மா தாண்டிப் போக முடிவதில்லை. குந்தியிருந்து வாசித்தேன்.

"ச, ந், தி, ரா..."

வேலியோரத்தில் எல்லாரும் சந்திராவைப் பார்த்தார்கள்.

சந்திராவின் மகளுடைய சடங்குக்கு அடித்த அழைப்பிதழ், மிஞ்சிய ஒரு கட்டு. சந்திரா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். "அத இஞ்ச தாங்க மாமா, நானே எடுத்துப் போறன்." பையோடு போனாள்.

அடுத்தது எங்களுடையது. என் முதல் மாதக் கொப்பி. பக்கம் முழுக்க அ, அ, அ. நியாயம் என்றால் நியாயம். அதையும் சத்தமாக வாசித்தேன். பாக்கியம் வேலிக்குப் பின்னால் குனிந்துவிட்டாள்.

அதற்கடுத்தது யோகனின் கடைப் பை. இறகுக்கு நடுவில் ஒரு சாதகக் குறிப்பு. யோகனுக்குப் பெண் பார்க்கிறார்கள்.

"செ, வ், வா, ய்... தோ..."

யோகன் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. சேற்றுக்குள் முழங்கால் வரை. "மாமா, மாமா, மிச்சத்த நான் வாசிக்கிறன்!" அந்தப் பையோடு பக்கத்தில் கிடந்த நாலு பையையும் அள்ளினான்.

அதன் பிறகு ஊரே இறங்கியது. உதவி இல்லையாம். அவரவர் சாமானை அவரவர் எடுக்கிறார்களாம். தீர்மானத்துக்கு விரோதம் இல்லை. செருப்பைப் பார்த்து, "இது எங்கட இல்ல" என்றொருவர். "மறுகா உங்கட மற்றச் செருப்ப வீட்டிலயிருந்து எடுத்து வாங்க, பாப்பம்" என்று இன்னொருவர்.

"மற்ற ஆக்கள்ர தாள வாசிக்கிறது குற்றம்" என்றார் ஒரு பெரியவர்.

"களப்புக்க போட்டது?" என்றாள் சந்திரா. இப்போது அவள் என் கட்சி.

கடைசியில் ஒரு நீளக் கடித உறை. திறக்கவேயில்லை. முகவரி: செயலாளர், கிராம அபிவிருத்திச் சங்கம். அனுப்பியது பிரதேச சபை. முப்பது வருடம் ஊருக்குக் கடிதம் கொடுத்த மனிதர்! அவர் கையில் கொடுத்தேன். எல்லாரும் சுற்றி நிற்க, அவரே பிரித்தார். குழுத் தலைவர் கையொப்பமிட்டுக் கேட்டால், வெள்ளிதோறும் ஒழுங்கை வாசலுக்கு மெசின் அனுப்பலாம் என்று எழுதியிருந்தது.

தட்டுவதற்கு மேசை இல்லை. செயலாளர் தன் தொடையில் தட்டினார்.

இடுப்பு உடைந்துவிட்டது. எண்ணெய் சூடு.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

மப்பு. மழை இல்லை.

சபைக்குக் கடிதம் போய்விட்டது. எழுதியது செயலாளர். கையொப்பம் நான். முதலில் முழுவதையும் வாசித்தேன். பிறகுதான் போட்டேன். அவர் மூன்று தடவை மணி பார்த்தார். பார்க்கட்டும்.

துறையடியில் பாதி மிச்சம். ஆனால் நேற்றிலிருந்து புதுப் பை ஒன்றும் விழவில்லை. எங்கள் தோணி கரை ஏறியது.

பின்னேரம் செயலாளர் வீட்டுக்கு வந்தார். பாக்கியத்தின் தேத்தண்ணி குடித்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, மிச்சத்தை அள்ளும்போது ஒரு சின்ன உதவி. தாள் கண்டா மனசுக்குள்ள வாசியுங்களன். சத்தம் வேணாம். என்ட பழைய கடிதம் ஒண்டு ரெண்டு... சின்ன வயசுல எழுதினது... அங்கால கிடக்கலாம்."

"மனசுக்குள்ள வாசிக்க எனக்குத் தெரியாதே தம்பி. சத்தம் போட்டாத்தான் எழுத்து வருது."

"டீச்சர் படிப்பிக்க மாட்டாவா?"

"அது வாற சனிக்கிழமைப் பாடமாம்."

அவர் முகம் தெளிந்தது. போய்விட்டார்.

சனிக்கிழமை எனக்கு வகுப்புக்கு வர ஏலாது என்று போய் டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தேன். துறையடி முடியும் வரைக்கும் அந்தப் பாடம் வேண்டாம். கொப்பியும் அதுவரை அலுமாரியில் இருக்கட்டும். வாற கிழமை எடுத்து எழுதுவேன். இப்போது போக வேண்டும். நான் டீச்சரிடம் சொன்னது காதுக்கு எட்டியதோ என்னவோ, செயலாளர் மண்வெட்டியோடு ஒழுங்கையால் அவசரமாகப் போகிறார். தனியாக.