தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனது

மே 6

புதுத் துறைக்கு வந்து சேர்ந்தோம். வந்ததும் வராததுமாகச் சண்டை.

படகைக் கட்டுவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. சுக்கானும் இன்ஜினும் என் கையில். கயிற்றோடு கரையில் குதிப்பது இவர். நான் "முன் கயிறு?" என்று கேட்க வேண்டும், இவர் "ஆச்சு!" என்று சொல்ல வேண்டும். பிறகு "பின் கயிறு?", அதற்கும் "ஆச்சு!" அதற்குப் பின்தான் இன்ஜினை நிறுத்துவேன். முப்பது வருடம் தகரம் வெட்டும் ஆலையில் இருந்தவர். அங்கே கேட்காமல் எந்த இயந்திரத்தையும் போடக் கூடாதாம், பதில் வராமல் கை வைக்கக் கூடாதாம். அந்தச் சட்டத்தைப் படகுக்கும் கொண்டுவந்தது மாலுமியாரேதான். (மாலுமியார் என்று நான் வைத்த பேர். அவருக்கு அதில் பெருமைதான்.)

இன்று "ஆச்சு!" என்றார். நிறுத்தினேன். பின் கயிறு கரையில் சுருண்டு கிடந்தது, கட்டவே இல்லை. படகின் பின்பக்கம் சுற்றிவந்து துறைக் கல்லில் மோதியது. உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் போயிற்று.

"கட்டாம ஏன் ஆச்சுன்னீங்க?"

"அப்படியா சொன்னேன்?"

இவரிடம் பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்கு.

மே 7

பெயின்ட் அடித்தேன். நிறம் ஒட்டவில்லை. வேட்டியில் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது.

மகள் ஃபோன் செய்தாள். மோதிய கதையை நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. "அம்மா, ஒப்பந்தம் ஞாபகம் இருக்குல்ல?" என்றாள். இருக்கிறது. வீட்டைக் காலி செய்து நாங்கள் படகில் குடியேறிய அன்றைக்கு அவள் வாங்கிய சத்தியம்: எங்களில் ஒருவருக்கு உடம்பு ஒத்துழைக்காவிட்டால் மறு பேச்சில்லாமல் படகை விற்றுவிட்டு அவள் வீட்டு மாடிக்குப் போய்விட வேண்டும். நான்கு வருடம் ஆகிறது.

இவரிடம் ஃபோனை நீட்டினேன். "நீயே பேசு" என்று கையை ஆட்டிவிட்டு கயிறு சுற்றப் போய்விட்டார். எப்போதும் இப்படித்தான். பெற்ற பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா?

மே 8

காற்று பலம். கிளம்ப முடியாது. நாளை சைக்கிளில் ஊர் சுற்றுவது என்று மாலுமியார் உத்தரவு.

மே 9

இன்று நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், அப்போதுதான் நிதானம் வரும்.

காலையில் மடக்கு சைக்கிள்கள் இரண்டையும் பிரித்து, காற்றடித்து, துறையில் இறக்கினோம். இவர் கடல் வரைபடத்தை விரித்தார். "பார்க்க வேண்டிய இடம் நாலுதான். மணிக்கூண்டு, புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி, கலங்கரை விளக்கம்." அளவுகோலை வைத்து நேர்க்கோடு போட்டார். மொத்தம் ஒன்பது கிலோமீட்டர்.

கணக்கு டீச்சராக இருந்த எனக்கும் உறைக்கவில்லை. கடல் வரைபடத்தில் தண்ணீருக்கடியில் கிடக்கும் பாறைக்கெல்லாம் கணக்கு இருக்கும். கரையோ வெறும் மஞ்சள். கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு அடையாளமாக உயரமான நாலு பொருளை மட்டும் குறித்திருப்பார்கள். அந்த நாலையும்தான் இந்த ஊரின் அதிசயங்கள் என்று நாங்கள் இருவரும் மனமார நம்பிக் கிளம்பினோம்!

மணிக்கூண்டு பரவாயில்லை. கீழே செருப்புத் தைக்கும் கடை ஒன்று இருந்தது. இவர் செருப்பின் வாரைத் தைத்து வாங்கிக்கொண்டார்.

புகைபோக்கி ஒரு பிஸ்கட் ஆலையுடையது. வாசல் காவலாளியிடம் "புகைபோக்கியைப் பார்க்கணும்" என்றார். அவர் நிமிர்ந்து பார்த்தார், திரும்பி எங்களைப் பார்த்தார். "இங்கேருந்தே தெரியுதே?" நியாயம்தானே. நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

தண்ணீர்த் தொட்டிக்கு நேர்க்கோட்டில் இரண்டு கிலோமீட்டர். நடுவில் ஒரு குன்று. வரைபடத்தில் குன்று கிடையாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினோம். "கடல்ல மேடு கிடையாது பாருங்க, அதான் மறந்துட்டீங்க" என்று பின்னாலிருந்து கிண்டல் செய்தேன். பதிலே இல்லை. மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன்.

மேலே பம்பு ஆபரேட்டர் ஓடி வந்தார்.

"என்னங்க, உங்க தெருவுல தண்ணி வரலியா?"

"அதெல்லாம் இல்லீங்க. சும்மா பார்க்க வந்தோம்" என்றேன்.

"எதை?"

"தொட்டியை."

அந்த மனிதர் உள்ளே போய் இருந்த ஒரே நாற்காலியை எனக்குக் கொண்டுவந்து போட்டார். "பதினெட்டு வருஷமா இங்க இருக்கேன். புகார் சொல்லத்தான் வருவாங்க. பார்க்கன்னு வந்தது நீங்கதான்" என்றார். எத்தனை லிட்டர் பிடிக்கும், எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எல்லாம் சொன்னார். மாலுமியார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அரண்மனையைச் சுற்றிக் காட்டினால்கூட எனக்கு இவ்வளவு பிடித்திருக்காது.

அங்கிருந்து துறை முழுவதும் தெரிந்தது. நம் படகு, விலாவில் நிறம் ஒட்டாத திட்டோடு. நான்கு வருடம் முன்பு இவர் பிடிவாதத்துக்காக அழுதுகொண்டே ஏறியவள் நான். இப்போது அதை விட்டு எந்த மாடிக்கும் போக மாட்டேன். அதை அப்படியே வாய்விட்டும் சொன்னேன். இவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு "ம்" என்றார்.

இறக்கத்தில் இவர் முன்னால், நான் பின்னால். அடிவாரத்தில் நாற்சந்தி. இடது பக்கத்திலிருந்து லாரி வருவதை நான் பார்த்துவிட்டேன்.

"லாரி! நில்லுங்க!"

"ஆச்சு!" என்று கையைக்கூடத் தூக்கிக் காட்டினார். நிற்கவில்லை. லாரிக்காரர் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. அப்படியும் இவர் திரும்பவில்லை — சாவகாசமாக நடுச் சாலைக்குப் போகிறார் — கடவுளே — ஒரு முழத் தூரத்தில் லாரி நின்றது.

டிரைவர் இறங்கி வந்து கத்தினார். "பெரியவரே, காது கிழியிற மாதிரி அடிக்கிறேன், நீங்க பாட்டுக்குப் போறீங்களே!" அதற்கு இவர் சிரித்த முகத்தோடு, "பரவாயில்லைங்க" என்றார். அந்த ஆள் ஏதோ மன்னிப்புக் கேட்ட மாதிரி.

கலங்கரை விளக்கத்துக்குப் போகவில்லை. துறை வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தோம்.

பெண்டாட்டி சொல்வது காதில் விழாது, அது ஊர் உலக வழக்கம். லாரி ஹாரனுமா விழாது?

மே 10

சோதித்துப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

இவர் முன்பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். நான் சுக்கான் அருகில் நின்றேன். வழக்கமான தொனியிலேயே கேட்டேன்.

"முன் கயிறு?"

"ஆச்சு!"

"பின் கயிறு?"

"ஆச்சு!"

"துறையில யானை நிக்குது."

"ஆச்சு!"

சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"படகை வித்துடலாமா?"

"ஆச்சு!"

உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். பாவம், இத்தனை நாள் நான் எழுப்பும் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார். நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரல் என்னுடையது. எதிரே நின்று பேசினால் சுவருக்கும் கேட்கும். அந்தக் குரல்தான் இவர் குறையை எனக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறது. நாலு நாள் முன்பு சங்குப் பழமொழி வேறு எழுதியிருக்கிறேன். அழிக்க முடியவில்லை, மையில் எழுதியது.

மே 11

கேட்டுவிட்டேன். டீ கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து.

"எவ்வளவு நாளா?"

எதை என்று அவர் கேட்கவில்லை. டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு வருஷம் இருக்கும். ஆலைச் சத்தம் அப்பவே பாதியைத் தின்னுடுச்சு. மிச்சம் தானா போச்சு. ஏதோ சத்தம்னு தெரியும், என்ன, எங்கேருந்துன்னு தெரியாது."

"என்கிட்டகூட சொல்லலியே!"

"சொன்னா ஒப்பந்தம். படகு போயிடும்."

"உங்களுக்குப் படகு அவ்வளவு பெரிசாப் போச்சா? லாரி அடியில போயிருப்பீங்க!"

"எனக்கு இல்ல. எனக்கு மாடியும் ஒண்ணுதான், படகும் ஒண்ணுதான். உனக்குத்தான் போயிடும். அன்னிக்குத் தொட்டிகிட்ட நின்னு நீ பேசினது ஒண்ணும் கேட்கலை. மூஞ்சியைப் பார்த்தேன், போதும்."

இந்த மனிதரை என்ன செய்வது? திட்டினேன். எதிரே உட்கார்ந்து திட்டினதால் ஒரு வார்த்தை விடாமல் போய்ச் சேர்ந்தது. பிறகு அழுதேன்.

மகளிடம் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் படகு போகும். சொல்லாவிட்டால் ஒரு நாள் இவரே போவார். இதில் போட்டுப் பார்க்கக் கணக்கு எதுவும் இல்லை.

மே 12

சொல்லிவிட்டேன்.

"அப்ப அப்பா என்மேல கோபமா இல்லையா?" என்று கேட்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஃபோனில் சரியாகக் கேட்காதென்றுதான் இவர் வாங்கவே மாட்டார். அவளோ இரண்டு வருடமாகத் தான் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்திருக்கிறாள்.

பிறகு என் மகள், என் பிடிவாதம் அப்படியே: "காது டாக்டரைப் பாருங்க. மெஷின் வைக்கட்டும். அப்புறம் அப்பா என்கிட்ட ஃபோன்ல பத்து நிமிஷம் பேசட்டும். நீ பக்கத்துல நின்னு எடுத்துக் கொடுக்கக் கூடாது. பேசிட்டார்னா இந்த வருஷம் ஓட்டுங்க. இல்லேன்னா மாடி."

சரி என்றேன். எனக்கே நியாயமாகத்தான் பட்டது.

மே 14

காது டாக்டர். சைக்கிளில்தான் போனோம், நான் முன்னால். திரும்பித் திரும்பிப் பார்த்ததில் நானே ஒரு தபால் பெட்டியில் மோதினேன். மாலுமியாருக்கு ஒரே சந்தோஷம்.

மெஷின் வரப் பத்து நாள் ஆகுமாம்.

மே 20

காத்திருக்கிறோம். பம்பு ஆபரேட்டர் தன் மனைவியோடு படகைப் பார்க்க வந்தார். "நீங்க எங்க தொட்டியைப் பார்த்தீங்கல்ல" என்றார்.

மே 24

வந்துவிட்டது. இரண்டு காதிலும் பயறு மாதிரி ஒன்று.

படகுக்குள் வந்ததும் திடுக்கிட்டு நின்றார். "யாரு தட்டுறாங்க?"

யாரும் இல்லை. படகின் விலாவில் தண்ணீர் தட்டும் சத்தம். இரண்டு வருடமாக அது இவருக்கு இல்லை. பலகையில் கையை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்சம் மெதுவா பேசேன், காது வலிக்குது" என்றார். நன்றி கெட்ட மனிதர்!

மே 25

மகளுக்கு இவரே ஃபோன் போட்டார். ஒப்பந்தப்படி நான் துறையின் மறுகோடிக்குப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பரீட்சை எழுதும் பிள்ளையின் தாய் நிலை. பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. போய் எட்டிப் பார்த்தால் மணிக்கூண்டு, புகைபோக்கி, லாரி என்று கையை ஆட்டி ஆட்டிக் கதை நடக்கிறது. ஐம்பது நிமிடம். ஃபோனில் சார்ஜ் தீர்ந்துதான் நின்றது.

"என்ன சொன்னா?"

"காது நல்லாத்தான் இருக்காம். வாய்தான் ஜாஸ்தியாம்."

மே 27

காலையில் கிளம்பி, மதியம் அடுத்த துறை. நல்ல காற்று. கயிற்றோடு இவர் குதித்தார்.

"முன் கயிறு?"

"ஆச்சு!"

"பின் கயிறு?"

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். கையில் கயிற்றோடு குனிந்திருந்தார்.

"இன்னும் இல்ல, இரு."

இரண்டு வருடத்தில் இவர் வாயிலிருந்து இந்தப் பதில் வந்ததே இல்லை. இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். நிதானமாக முடிச்சுப் போட்டார், இழுத்துப் பார்த்தார், மறுபடியும் இழுத்துப் பார்த்தார். "ஆமை" என்று வாய்க்குள்ளேயே முனகினேன்.

"கேட்டுச்சு" என்றார், நிமிராமலே. பிறகு, "ஆச்சு."

நிறுத்தினேன்.