மச்சம் இருக்கும் இடம்

வைத்திக்குப்பம், புதுச்சேரி
11-2-1958

அன்புள்ள மாமாவுக்கு, கலா வணக்கத்துடன் எழுதுவது.

இல்லை, கோபம் இல்லை. கோபமாக இருந்தால் பதிலே போட்டிருக்கமாட்டேன். யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் தாமதம்.

காட்டு முகாமிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மரத்திலிருந்து விழுந்து செத்த குரங்குக்கு ஒரு பக்கம். வெள்ளைத் துணியைக் காட்டுத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தால் உண்ணிகள் எள் தூவியதுபோல் வந்து ஒட்டிக்கொள்வதற்கு இன்னொரு பக்கம். விறகுக்குப் போன ஆள் காய்ச்சலில் விழுந்து, கண் சிவந்து, ஈறில் ரத்தம் கசிந்து இறந்தது. குரங்குக் காய்ச்சல் என்று ஊர் பெயர் வைத்துவிட்டது. உண்ணி கடித்துத்தான் அது பரவுகிறது, மருந்து இல்லை என்பது. இதையெல்லாம் படித்துப் பயந்தேன். மனைவி பயப்பட வேண்டிய அளவுக்குச் சரியாகப் பயந்தேன்.

பிறகு கடிதத்தில் நர்ஸ் செல்வாம்பாள் வந்தார்.

சாயங்காலம் காட்டிலிருந்து திரும்பியதும் ஆண்கள் எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கிறீர்கள். அவர் இடுக்கியுடன் உட்கார்ந்து, கழுத்து, காதின் பின்புறம், முதுகு என்று பார்த்து உண்ணி எடுக்கிறார். அதுதான் முகாமின் சட்டம் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல சட்டம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கை அவ்வளவு லேசு, எடுத்ததே தெரிவதில்லை" என்று எழுதியிருக்க வேண்டாம்.

உங்களுக்குத் தெரிவதில்லை. எனக்கு இங்கே ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

தமிழ்ப் பெண், கோலாரில் வளர்ந்தவர் என்று எழுதினீர்கள். வயதை எழுதவில்லை. மறந்திருக்கலாம். குரங்கின் வயதை எழுத மறக்கவில்லை.

அத்தையிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மீன் மார்க்கெட்டில் நாலு கூடைக்கும் கேட்கிற மாதிரி, "கடல்ல வல போட்டவன் புள்ள காட்டுல உண்ணி புடிக்கப் போயிருக்கான், அதுக்கு ஒரு பி.எஸ்ஸி. படிப்பு" என்று ஆரம்பித்தார். பக்கத்துக் கூடை அஞ்சலாட்சி விடுவாளா. "ஏண்டி கலா, உண்ணி எடுக்குற கை உண்ணியோட நிக்குமா? பாத்துக்கடி" என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், மீன் தண்ணீர் படாமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்படிப்பட்டவர் இல்லை என்றேன். "யாரச் சொல்ற? அவனயா, அவளயா?" என்று அத்தை கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

அன்று மூன்றாம் வகுப்புக்கு உடம்பின் உறுப்புகள் பாடம். பிரெஞ்சில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தேன். முதுகு வந்ததும் பலகையைத் துடைத்துவிட்டேன். பிள்ளைகள் என்ன நினைத்தார்களோ. தலைமையாசிரியை மதாம் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசித்து முடிவுக்கு வந்திருக்கிறேன். தனிப் பார்சலில் ஒரு கைக்கண்ணாடி அனுப்பியிருக்கிறேன். முகாமில் முகம் மழிக்கிற கண்ணாடி சுவரில் இருக்கிறது அல்லவா. அதற்கு முதுகைக் காட்டி நின்று, இதை முகத்துக்கு நேரே பிடித்தால் பின்புறம் தெரியும். பிடித்துப் பார்த்தேன், தெரிகிறது. இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் ஒரு முதுகு குறையும்.

உங்கள் உடம்பின் பின்புறம் ஒரு மச்சம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் சொன்னேன். எங்கே என்று கேட்டீர்கள். நான் சொல்லவில்லை, நினைவிருக்கிறதா. இப்போதும் எழுதமாட்டேன். முகாமில் யார் யார் கண்ணில் கடிதம் படுமோ. கறுப்பாக, எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். கண்ணாடியில் தேடி, எங்கே என்று எனக்கு எழுதுங்கள். செல்வாம்பாள் இதற்குள் அதைப் பார்த்திருப்பார். அந்த நினைப்புக்கு நான் என்ன செய்வது. இனிமேலாவது பார்க்க வேண்டாம்.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. காற்று மாறியதால் நேற்று நல்ல மீன் வரத்து.

காய்ச்சல் உங்கள் பக்கம் வராமல் இருக்கட்டும். வேறு எதுவும் வராமல் இருக்கட்டும்.

உங்கள்,
கலா.

◦

வைத்திக்குப்பம், புதுச்சேரி
26-2-1958

செல்வாம்பாள் அக்காவுக்கு,

உங்கள் வயது எனக்குத் தெரியாது. இளையவராக இருந்தால் அக்கா என்றதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணவர் பெயரை நான் எழுதுகிற வழக்கமில்லை. இன்று எழுதியாக வேண்டும். நான் அரிகிருஷ்ணனின் மனைவி.

இதற்கு முன்பே என் தந்தி உங்கள் கைக்கு வந்திருக்கும். அதில் விவரம் சொல்ல முடியவில்லை. ஆகவே இது.

இன்று காலை அவர் கடிதம் வந்தது. நான் கேட்டுக்கொண்டபடி உங்கள் வரிசையில் நிற்பதை விட்டுவிட்டாராம். நான் அனுப்பிய கண்ணாடியில் தானே பார்த்துக்கொள்கிறாராம். "உன் மச்சத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். பிடரியில், முடி தொடங்குகிற இடத்தில். அதைத் தொட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

அவர் பிடரியில் மச்சம் இல்லை.

சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துவிட்ட கை என்னுடையது. அங்கே ஒன்றும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. நாள் முழுக்க உண்ணி பொறுக்குகிறவருக்கு உண்ணி தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அவர் மச்சத்தைத் தேடினார். அதனால் அவருக்கு மச்சம் கிடைத்தது.

எங்கே என்று நான் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. ஏன் எழுதவில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கடிதத்தின் அடியில் வேறு மையில் ஒரு வரி: "இன்று கொஞ்சம் தலைவலி. வெயிலாக இருக்கும்."

உடனே தந்தி ஆபீசுக்குப் போனேன். கழுத்தில் இருப்பது மச்சம் அல்ல, உண்ணி, எடுத்துவிடவும் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்தவர் படித்துவிட்டு, "ஆளு காணாமப் பூட்டாராம்மா? அடையாளம் குடுக்கறியா?" என்று கேட்டார். இல்லை, இருக்கிறார் என்றேன். தந்தியை என் கணவர் பெயருக்கு அனுப்பவில்லை. அவர் சிரித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். உங்கள் பெயருக்கு அனுப்பினேன்.

மச்சம் இருப்பது இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, அவர் கை எட்டாத இடத்தில். தினம் எத்தனையோ முதுகு பார்க்கிறவர், உங்களுக்கு நினைவிருக்காது. அதை மட்டும் விட்டுவிடுங்கள். கறுப்பாக வேறு எது தெரிந்தாலும் எடுத்துவிடுங்கள். கழுத்தில் விரல் பட்டால் அவருக்குக் கூசும். தோளைக் குறுக்கிக்கொண்டு நகர்வார். இடது கையால் தலையைக் குனியவைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்வேன். கடலைப் பற்றி ஏதாவது கேளுங்கள். பேச ஆரம்பித்தால் அசையமாட்டார்.

காய்ச்சல் இருந்தால் மறைப்பார். கண்ணைப் பாருங்கள். பல் தேய்க்கும்போது ஈறைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை நம்பாமல் நீங்களே பாருங்கள்.

உங்கள் கை லேசு என்று அவர் ஒருமுறை எழுதினார். அதைப் படித்த நாள் முதல் நான் நன்றாக இல்லை. இப்போதும் இல்லை. அவர் தலை உங்கள் கையில் குனிந்திருப்பதை நினைத்தால் இதை எழுதும்போதே நெஞ்சு எரிகிறது. அது எரியட்டும். நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். படுத்துவிட்டால் பக்கத்தில் இருங்கள்.

பதிலை நீங்களே எழுதுங்கள். அவர் எழுதினால் நலம் என்றுதான் எழுதுவார்.

உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். அந்தக் கைக்கும்.

சந்திரகலா.

◦

கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு, சந்திரகலா அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. மார்க்கெட்டுக்குப் போய், அத்தையின் கூடைக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்து, கூடை காலியாகும்வரை கேட்டவர்களுக்கு மீன் எடுத்துக் கொடுத்தாள்.